உணவகமும் தமிழ்ப் புனைகதையும்: கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

கொழும்பு நகரத்து உணவகங்களைப் பற்றிய எழுத்து அண்மைக் காலத்தில் ஒரு தனித்துறை எனத்தக்க அளவுக்கு வளர்ந்துவிட்டது. வார இதழ்களின் இணைப்புகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் அதற்கெனப் பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. சீன, இத்தாலிய, ஜப்பானிய, தாய்லாந்து உணவுகளும், வட இந்தியத் தந்தூரியும், யாழ்ப்பாணத்து ஒடியற்கூழும் நடந்து செல்லும் தூரத்துக்குள் கிடைக்கின்றன என்பது நகர நாகரிகத்தின் முதிர்ச்சிக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. இவ்வகை எழுத்தின் சொற்களஞ்சியம் சிறியது. ‘அசல்’, ‘பாரம்பரியம்’, ‘கைப்பக்குவம்’, ‘அனுபவம்’ என நான்கைந்து சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. சமைத்தவரின் பெயர் சிலவேளை இடம்பெறும். கோப்பை கழுவியவரின் பெயர் இடம்பெறுவதில்லை. மீனைப் பிடித்தவர் என்றொருவர் இருப்பதற்கான அறிகுறியே இராது.

இதனை இலக்கிய ஆய்வுக்குப் புறம்பானதென ஒதுக்கிவிடலாகாது என்பது எமது கருத்து. உணவகம் தமிழ்ப் புனைகதைக்குப் புதிய களமன்று. நவீன தமிழின் தலைசிறந்த சிறுகதைகள் சில அதனுள்ளேயே நிகழ்கின்றன. அவ்வாக்கங்கள் எவற்றைக் கண்டுகொண்டன, எவற்றைக் காணத் தவறின என்பதே இங்கு ஆராயப்படுகின்றது. ஆராய்பவர் எவ்விடத்தில் நின்று நோக்குகின்றார் என்பதையும் கூறிவிடுதல் நன்று. இக்கட்டுரை கற்பிட்டியிலிருந்து எழுதப்படுகின்றது. ஒருபுறம் புத்தளக் களப்பும் மறுபுறம் இந்து சமுத்திரமும் சூழ்ந்த இவ்வொடுங்கிய குடாநாடு, கொழும்பு நகரின் மேசைகளுக்குச் செல்லும் நண்டும் இறாலும் மீனும் கருவாடும் புறப்படும் கரைகளுள் ஒன்று. நகரத்தவருக்கு உணவின் கதை தொடங்குமிடமாகத் தோன்றும் உணவகம், இக்கரையிலிருந்து பார்ப்பவருக்கு நெடிய ஒரு பயணத்தின் இறுதித் தரிப்பிடமாகவே தோன்றும்.

கார்ல் மார்க்ஸ் 1859இல் வெளியிட்ட அரசியற் பொருளாதார விமர்சன நூலிற் கோதுமையை உதாரணமாகக் கொண்டு, ஒரு பண்டத்தின் சுவை அது எத்தகைய உற்பத்தி உறவின் கீழ் விளைந்தது என்பதைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று சுட்டிக்காட்டினார். அடிமை விளைவித்தாலும் கூலியாள் விளைவித்தாலும் நாவுக்கு ஒன்றே. உணவகத்தைச் சுவையின் வழியாக மட்டும் அணுகும் எழுத்து எவ்வளவு நேர்மையுடன் எழுதப்பட்டாலும் இவ்வெல்லையைத் தாண்ட முடியாது. பல நாட்டு உணவுகள் நிறைந்த நகரத்தில் மறைப்பும் பன்மடங்காகின்றது. தட்டில் உள்ள உணவு எந்த நாட்டுச் செய்முறைக்கு உரியது என்ற கேள்வி முன்னே நிற்க, எந்தக் களப்பிலிருந்து எவருடைய உழைப்பால் வந்தது என்ற கேள்வி பின்னே தள்ளப்படுகின்றது.

உணவை விலைக்கு விற்றல் தமிழ்ச் சமூகத்துக்குப் பழையது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் அப்பம் சுட்டு விற்கும் கூவியர் உளர். ஆயினும் நிலமானிய சமுதாயத்தில் வீட்டுக்கு வெளியே உண்ணுதல் பெரிதும் சத்திரம், மடம், கோயில் ஆகியவற்றோடு தொடர்புபட்டிருந்தது. அங்கே உணவு தானம். தானம் சாதியறிந்தே வழங்கப்பட்டது. எல்லா உயிர்க்கும் உணவளித்த மணிமேகலையின் அமுதசுரபி, இந்நடைமுறைக்கு எதிராகப் பௌத்தம் முன்வைத்த இலட்சியம் எனலாம். ஐரோப்பாவில் ரெஸ்டோரண்ட் என்னும் சொல் முதலில் ஓரிடத்தைக் குறிக்கவில்லை, உடலைத் தேற்றும் ஒருவகை இறைச்சிச் சாற்றையே குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாரிஸ் நகரில் அச்சாற்றை விற்ற கடைகள் தனி மேசை, விலைப்பட்டியல், வேண்டிய வேளையில் உணவு என்பவற்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தன. பணம் கொண்ட எவரும் அமரலாம் என்பது அவற்றின் விதி. பூர்சுவா சமத்துவத்தின் குறைபாடுகள் அனைத்தும் அவ்விதிக்குள் அடங்கியுள்ளன. எனினும் நிலமானியப் பந்தியோடு ஒப்பிடுமிடத்து அது முன்னேற்றமே என்பதை மார்க்சியர் மறுக்கத் தேவையில்லை. தமிழ்ச் சூழலில் இவ்வரையறுக்கப்பட்ட சமத்துவங்கூட எளிதிற் கிட்டவில்லை. உணவகப் பெயர்ப்பலகைகளில் நின்ற ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றக் கோரி, 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் முன்னால் பெரியார் இயக்கத்தினர் நாள்தோறும் மறியல் செய்து சிறைசெல்ல வேண்டியிருந்தது.

நவீன தமிழ்ப் புனைகதையில் உணவகத்தை முதன்முதலாக ஆழமாக நோக்கியவர் புதுமைப்பித்தன். 1943இல் கலைமகளில் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ பலராலும் பலவாறு விளக்கப்பட்ட கதை. சமயக் கிண்டலாகவே அதனைப் பெரும்பாலோர் வாசித்துள்ளனர். எமக்கு முதன்மையாகத் தோன்றுவது அதன் காப்பிக்கடைக் காட்சி. கையிலுள்ள சில்லறையை எதற்குச் செலவிடுவது என்று சந்தியில் நின்று கணக்குப் பார்க்கும் கந்தசாமிப் பிள்ளை, வழி கேட்டு வந்த கடவுளைக் கடைக்குள் அழைத்துச் செல்கின்றார். காப்பியின் சுவையில் மகிழ்ந்த கடவுள் அதனைத் தமது லீலையாகவே கருதுகின்றார். பிள்ளையோ அது கடைக்காரன் சிக்கரி கலந்து செய்த லீலை என்று திருத்துகின்றார். நகைச்சுவையாக வந்துபோகும் இவ்விடத்தின் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. சுவையை வைத்து அதனைப் படைத்தவர் யாரென்று முடிவுகட்ட முயன்ற கடவுளே ஏமாந்துபோகின்றார். பண்ட உலகத்திற் படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள உறவு அறுந்துவிட்டது என்பதனை மார்க்ஸின் வழியில் அன்றித் தமது சொந்தக் கூர்நோக்கினால் புதுமைப்பித்தன் கண்டடைந்துள்ளார். பின்னர் கடவுள் நீட்டும் நூறு ரூபாய் நோட்டு, அவரது தெய்வத்தன்மையைவிடக் கடையில் அதிக கவனத்தைப் பெறுகின்றது.

ஆயினும் கதையின் கண் மேசைக்கும் கல்லாப்பெட்டிக்கும் இடையிலேயே நின்றுவிடுகின்றது. மோசடி செய்பவன் கடைக்காரன். அத்துடன் விசாரணை முடிகின்றது. காப்பி விளைந்த தோட்டம் கதைக்குள் இல்லை. புதுமைப்பித்தனுக்குத் தோட்டம் தெரியாதென்று கூறமுடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்டோரின் வாழ்வை ‘துன்பக்கேணி’யில் அவர் முன்னரே எழுதியவர். தோட்டத்தைப் பற்றி ஒரு கதை, கடையைப் பற்றி இன்னொரு கதை. ஒரே எழுத்தாளரின் இரு கதைகள் ஒன்றையொன்று அறியாதவைபோல நிற்கின்றன. இப்பிரிவு அவருடைய தனிப்பட்ட குறைபாடன்று. பின்வந்த தமிழ்ப் புனைகதை முழுவதிலும் அது தொடர்வதைக் காணலாம்.

ஈழத்தில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், உணவகக் கதையின் மையம் மேசையிலிருந்து வாசற்படிக்கு மாறுகின்றது. தேநீர்க்கடையின் உள்ளே செல்ல முடியாதவருக்கு அங்கு விற்கும் தேநீரின் சுவை ஒரு பொருட்டல்ல. வெளியே நின்றோ நிலத்தில் இருந்தோ தனிக்குவளையிற் பருகவேண்டும் என்ற கட்டுப்பாடு 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் பின்னரும் நீடித்தது. 1966 ஒக்ரோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து ஊர் ஊராக நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே சட்டப் புத்தகத்தில் இருந்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தபோது அதன் கலைத்தன்மை குறித்து எழுந்த சர்ச்சை இன்றும் ஓயவில்லை. பாத்திரங்கள் சில வகைமாதிரிகளாகவே நின்றுவிடுகின்றன என்பதும், சம்பவங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன என்பதும் மறுக்க முடியாதவை. ஆனால் தேநீர்க்கடை என்பது உணவு விற்கும் இடம் மட்டுமன்று, ஒரு சமூகம் தன் அதிகார ஒழுங்கை நாள்தோறும் ஒத்திகை பார்க்கும் இடம் என்ற உண்மையை இந்நாவல்போல் நிறுவிய பிறிதொரு நூல் எமக்குத் தெரியவில்லை. என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ சிறுகதையை இதனோடு சேர்த்து வாசித்தல் வேண்டும். சமத்துவம் பேசும் பெரிய மனிதர், தம்மைக் காணவந்த தாழ்த்தப்பட்டோரை வீட்டினுள் அழைக்காது நிலவொளியின் அழகைக் காரணங்காட்டி வெளியே இட்டுச் செல்கின்றார். கடையின் வாசலைச் சட்டத்தாலும் போராட்டத்தாலும் திறக்கலாம். வீட்டின் வாசல் அவ்வாறு திறப்பதில்லை. உணவகம் பொது இடமாக இருப்பதனாலேயே அது போராட்டக் களமாகவும் ஆயிற்று என்பதை இவ்விரு ஆக்கங்களும் சேர்ந்தே தெளிவுபடுத்துகின்றன.

கொழும்பில் நிலைமை வேறு. அங்கே உணவகத்தின் வேறுபாடுகள் இனத்தின் வேறுபாடுகளாகத் தோன்றுகின்றன. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளின் சைவக் கடைகள், மருதானையிலும் கொள்ளுப்பிட்டியிலும் பெயர்பெற்ற முஸ்லிம்களின் புரியாணிக் கடைகளும் கொத்துரொட்டிக் கடைகளும், சீன உணவகங்கள், ஒல்லாந்தச் சொல்லொன்றிலிருந்து பெயர் பெற்றுப் பறங்கியர் சமூகத்தால் பேணப்பட்ட லம்பிறைஸ் என, ஒவ்வோர் உணவும் ஒவ்வொரு சமூகத்தின் வரலாற்றைத் தாங்கியுள்ளது. சிங்கள எழுதுவினைஞர் சைவக் கடையில் தோசை உண்பதும், தமிழர் முஸ்லிம் கடையில் இரவுணவு கொள்வதும் அன்றாடக் காட்சிகள். இவற்றைக் காட்டி இந்நகரம் பன்மைப் பண்பாட்டின் உறைவிடம் என்று முடிவுகட்டுவது தாராண்மைவாத எழுத்தாளர்க்கு வழக்கமாகிவிட்டது.

அம்முடிவுக்கு வரலாறு இடமளிக்கவில்லை. 1983 ஜூலையிற் கொழும்பில் எரிக்கப்பட்ட தமிழர் கடைகளுள் உணவகங்களும் இருந்தன. அவற்றில் அதுவரை உண்டவர்கள் யாவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26 இரவில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் உண்டவர், உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டிருப்பதாகக் குற்றஞ்சாட்ட, உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை என்று சொல்லப்பட்டது மாக்கட்டியே என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டியது. 2019 ஏப்ரல் 21இற் குண்டுகள் வெடித்த இடங்களுள் கொழும்பின் ஆடம்பர ஹோட்டல்களின் காலையுணவுக் கூடங்களும் அடங்கும். அதனைத் தொடர்ந்து முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு பிரசாரம் நடந்தது. மே மாத வன்செயல்களின்போது எமது புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். பல தசாப்தங்களாகப் பிறர் சமைத்ததை உண்டு பழகிய நாவு, அவரைப் பற்றிய வதந்தியை நம்புவதற்குச் சில மணிநேரமே எடுத்துக்கொண்டது. உணவுப் பன்மையைப் பண்பாட்டு ஒருமைப்பாடாக மாற்றிக் காட்டும் எழுத்து இச்சம்பவங்களை எவ்வாறு விளக்கும்? விளக்க முயன்றதாகவே தெரியவில்லை.

பண உறவுக்கு வெளியே ஓர் உணவகத்தைக் கற்பனை செய்ய இயலுமா என்ற வினாவுக்கு விடையளிக்க முனைந்த கதை ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’. 2011இல் ‘அறம்’ தொகுதியில் இடம்பெற்ற இக்கதை, திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் உணவகம் நடத்திய கெத்தேல் சாகிப்பைப் பற்றியது. உண்டவர் விரும்பியதைப் பெட்டியில் இடலாம், இடாமலும் போகலாம். உறவினர் வீட்டில் அவமானத்தோடு உண்ட வறிய மாணவன், சாகிப்பின் கையால் வயிறாற உண்கின்றான். ஆசிரியரின் பொதுவான கருத்துநிலைக்கும் எமக்கும் இடையேயுள்ள தூரம் பெரிது. அத்தூரம் இக்கதையின் வலிமையை மறைக்கக் கூடாது. பசித்தவனின் நாணத்தைத் தமிழில் இத்துணை நுணுக்கமாகச் சித்திரித்த கதைகள் மிகச் சில. கணக்கு என்னும் சொல்லையே முதலாளித்துவத்தின் கையிலிருந்து பறித்து வேறொரு பொருளில் வைத்துக்காட்டும் துணிவும் இதில் உண்டு. ஆனால் விலையற்ற இவ்வுணவகம் ஒரு தனிமனிதரின் பெருங்கருணையில் நிலைபெறுகின்றது. சாகிப் பரிமாறும் மீனுக்கும் கோழிக்கும் அவரே எவருக்கோ விலைகொடுத்திருப்பார். அவ்விலை எப்படி நிர்ணயமாயிற்று என்று கதை கேட்பதில்லை. விலைப்பட்டியல் நீங்கிய பின்னரும் உற்பத்தியாளர் திரைக்குப் பின்னேயே இருக்கின்றார். அறநூல் மரபின் தானம் புதுவடிவிற் திரும்பியுள்ளது எனலாம். சாதி கேளாத தானம் என்பதே அதன் பெருமை.

சமையற்கட்டுக்குள் நுழைந்த எழுத்தைப் பற்றியும் சில கூறவேண்டும். ஜோர்ஜ் ஓர்வெல் 1933இல் வெளியிட்ட பாரிஸ், லண்டன் அனுபவ நூலில், ஆடம்பர ஹோட்டலின் உணவுக்கூடத்தையும் அழுக்கும் வெக்கையும் நிறைந்த பின்புறத்தையும் பிரிப்பது ஒரு கதவு மட்டுமே என்பதைப் பாத்திரங் கழுவும் தொழிலாளியாக நின்று காட்டினார். அக்கதவின் பின்புறத்துக்கு 1980களின் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையாகச் சென்றனர். பாரிஸிலும் சுவிற்சர்லாந்தின் நகரங்களிலும் இத்தாலிய உணவகத்திலும் ஜப்பானிய உணவகத்திலும் பிரெஞ்சு உணவகத்திலும் பின்கட்டில் நின்றவர் பலர் தமிழரே. ‘கோப்பை கழுவுதல்’ என்ற தொடர் புலம்பெயர் தமிழரிடையே ஒரு வாழ்நிலையையே குறிப்பதாயிற்று. பெருநகரத்தின் பலநாட்டு உணவுகளோடு நவீன தமிழருக்கு ஏற்பட்ட மிக நெருங்கிய உறவு உண்பவர் என்ற முறையில் ஏற்பட்டதன்று. புலம்பெயர் இலக்கியத்தின் தொடக்ககாலக் கதைகளும் கவிதைகளும் இவ்வனுபவத்தைப் பதிவுசெய்தன. எனினும் அவற்றுட் பல அதனைத் தாழ்ச்சியாகவே கண்டன. ஊரில் மதிப்போடு இருந்தவன் இங்கே கோப்பை கழுவுகின்றான் என்ற ஏக்கத்தில் ஊரிற் கோப்பை கழுவியவன் யார் என்ற கேள்வி அமுங்கிவிடுகின்றது. டானியலைப் படித்தவர்க்கு அக்கேள்வி எழாமற் போகாது.

வாசற்படியும் மேசையும் கல்லாவும் பின்கட்டும் இவ்வாறு ஏதோவொரு வகையில் எழுதப்பட்டுவிட்டன. எழுதப்படாதது கரைக்கும் பின்கட்டுக்கும் இடைப்பட்ட வழி. தமிழில் கடற்கரை நாவல் வளமானது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் இடையே எழுந்த மோதலை, உற்பத்திக் கருவியின் மாற்றம் மனித உறவுகளைக் குலைக்கும் விதத்தை, உணர்ச்சி மிகாத மொழியிற் காட்டியது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் மூன்று தலைமுறைப் பரதவர் வாழ்வை விரித்தது. அவரது ‘கொற்கை’ துறைமுகத்தையும் வணிகரையும் நோக்கிச் சென்றது. ஈழத்தில் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973இல், பருவகாலத்தில் நெடுந்தீவுக்கு வந்து வாடி அமைக்கும் மீனவரையும் உள்ளூராரையும் முரண்படவும் உறவுகொள்ளவும் வைத்தது. இந்நாவல்களில் மீன் கரைக்கு வருகின்றது, விலைபேசப்படுகின்றது, பின்னர் கதையை விட்டு நீங்குகின்றது. உணவகக் கதையில் மீன் தட்டிலேயே பிறக்கின்றது. கடற்கரை நாவலின் அலகு ஓர் ஊர்; உணவகக் கதையின் அலகு ஒரு வேளை உணவு. ஐஸ் பெட்டிகளோடு இரவில் ஓடும் லொறி இரண்டுக்கும் உட்படுவதில்லை. புதுமைப்பித்தனிடம் தோட்டமும் கடையும் பிரிந்து நின்றதைக் கண்டோம். அப்பிரிவே இங்கு இரு இலக்கிய வகைகளாக இறுகியுள்ளது.

கற்பிட்டியின் நிலையை எடுத்து நோக்கினால் அவ்விடைவழியில் எவ்வளவு பொருள் கிடக்கின்றது என்பது புலனாகும். இங்குள்ள மீனவர் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தவர். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து பருவத்துக்கு வந்து கண்டக்குளி முதலிய கரைகளிலும் பத்தலங்குண்டு போன்ற தீவுகளிலும் வாடியடிப்போரும் உளர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்து, வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கூலிக்கு உழைத்தனர். களப்பின் ஓரங்களில் 1980களிலிருந்து பெருகிய இறால் பண்ணைகள் ஏற்றுமதிச் சந்தையை நம்பிக் கண்டற் காடுகளை அழித்து எழுந்தவை. 1996இற் பரவிய வெண்புள்ளி நோய் அவற்றுட் பலவற்றை வெறுங்குழிகளாக விட்டுச் சென்றது. எங்கோ ஒரு நகரத்தில் இறால் மலிவான உணவாயிற்று. இங்கே களப்பு மீனவர் வலைவீசிய ஓரம் வேலிக்குள் அடைபட்டது.

களப்பு நண்டின் கதை இன்னும் துலக்கமானது. சிங்கப்பூரின் புகழ்பெற்ற மிளகாய் நண்டுக்கறிக்கு இலங்கை நண்டே விரும்பப்படுகின்றது என்பதால், பெரிய நண்டு நெடுங்காலம் கொழும்பில் நில்லாமல் விமானமேறியது. 2011 டிசெம்பரில் கொழும்புக் கோட்டையின் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடம் கடைகளும் உணவகங்களும் கொண்ட வளாகமாக மாற்றப்பட்டபோது, அங்கு தொடங்கிய மினிஸ்ட்ரி ஒப் கிராப் என்னும் உணவகம், ஏற்றுமதித் தர நண்டை உள்நாட்டிலேயே பரிமாறுவதைத் தன் தனிச்சிறப்பாக அறிவித்தது. ஜப்பானிய முறையறிந்த சமையற் கலைஞரும் புகழ்பெற்ற இரு துடுப்பாட்ட வீரர்களும் அதன் பங்காளர். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் அது பலமுறை இடம்பெற்றுள்ளது. அதே 17ஆம் நூற்றாண்டில், கண்டி அரசின் கடல்வழி வணிகத்தைக் கட்டுப்படுத்தவென ஒல்லாந்தர் கற்பிட்டியில் எழுப்பிய கோட்டை, இன்று கடற்படையின் பொறுப்பில் களப்பின் வாயிலை நோக்கி நிற்கின்றது. ஒரே வணிகக் கம்பனியின் இரு கட்டடங்கள். ஒன்று நண்டு உண்ணப்படும் இடம், மற்றையது நண்டு பிடிபடும் நீரின் ஓரம். வரலாற்று நாவலாசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகின்றது. ஆனால் எமது வரலாற்று நாவலாசிரியர்கள் இன்னும் சோழர் அரண்மனையை விட்டு வெளியே வரவில்லை.

காற்றும் இங்கே வர்க்கச் சார்புடையது. செங்கை ஆழியானின் வாடை மீனவரைத் தீவுக்கு அழைத்துவரும் காற்று. கற்பிட்டிக்கு மே முதல் ஒக்ரோபர் வரை வீசும் சோளகம், மேற்குக் கடலைக் கொந்தளிக்கவைத்துச் சிறுபடகுகளைக் கரையேற்றிவிடுகின்றது. அதே காற்றைத் தேடியே பட்டச் சறுக்கல் விளையாட்டுக்கு ஐரோப்பியர் வருகின்றனர். அவர்களுக்கென எழுந்த விடுதிகள் இத்தாலிய உணவையும் பொரித்த கணவாயையும் பரிமாறுகின்றன. பெருநகரத்தின் பலநாட்டு உணவகம் கரைக்கே வந்துவிட்டது என்றும் கூறலாம். கற்பிட்டியையும் அதனைச் சார்ந்த 14 தீவுகளையும் சுற்றுலா வலயமாக்கும் அரச திட்டத்தை, கரைக்கான வழிகளும் வாடியிடங்களும் பறிபோகும் என அஞ்சி மீனவர் எதிர்த்தனர்.

சங்கிலியின் கண்ணிகள் அது அறுந்த வேளைகளிலேயே கண்ணுக்குத் தெரிந்தன. 2020 ஒக்ரோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாத் தொற்று பரவியபோது சந்தை மூடப்பட்டது. மீன் உண்ணவே மக்கள் அஞ்சினர். முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். அந்த ஒரு வேடிக்கைப் படமே நகரத்தின் நினைவில் எஞ்சியது. விலைபோகாத மீனைக் கரையில் வைத்துக்கொண்டிருந்தவரின் கடன் எஞ்சவில்லை. 2022இல் எரிவாயு இன்றி நகரத்தின் சிறு உணவகங்கள் அடுப்பணைந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயிலேயே. சமையலறையின் நெருக்கடியும் படகின் நெருக்கடியும் ஒரே பொருளாதார வீழ்ச்சியின் இரு முகங்களாக அன்று வெளிப்பட்டன. நெருக்கடி பற்றிய தமிழ் எழுத்தில் எரிவாயு வரிசை மிகுதியாக இடம்பெற்றது, மண்ணெண்ணெய் வரிசை அருகியே வந்தது. எழுதுவோர் எந்த வரிசையில் நின்றனர் என்பது இதிலிருந்தே தெரியும்.

கற்பிட்டிக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1807இல் இங்கு பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரிக்கும் கசற்றியரையும், 1859இல் ஏறத்தாழ இருநூறு புலவர்களின் வரலாறு கூறும் ‘தமிழ் புளூராக்’ நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். முதலாவது நூல் ஆட்சியாளருக்கும் வணிகருக்கும் பயன்படுவது, இரண்டாவது புலமையாளருக்குப் பயன்படுவது. இவ்விரு வகை அறிவும் ஒரே மனிதரிடம் இருந்தும் இரு நூல்களாகவே வெளிவந்தன. அவருக்குப் பின்வந்த எமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இரண்டாவது நூலின் வழியையே பின்பற்றினர். ஓர் ஊரின் விளைபொருளும் அது செல்லும் வழியும் இலக்கிய மாணவர் அறியவேண்டியவை என்ற எண்ணம் பாடத்திட்டங்களில் இன்றும் இல்லை.

கரையையும் மேசையையும் ஒரே கதைக்குள் கொண்டுவர முற்படும் எழுத்தாளர் முகங்கொடுக்கவேண்டிய சிக்கல் முதன்மையாக வடிவஞ் சார்ந்தது. ஊரை அலகாகக் கொள்ளும் நாவல் லொறியோடு செல்லாது. வேளையை அலகாகக் கொள்ளும் சிறுகதை முற்பணக் கடனின் நீண்ட காலத்தைத் தாங்காது. பண்டத்தைப் பின்தொடரும் கதை வேண்டும். அதற்கான தரவு இங்கு குறைவில்லை. கூட்டில் அகப்பட்ட நண்டு உயிரோடு கொடுக்குக் கட்டப்படுகின்றது, தரம் பிரிக்கப்படுகின்றது, நிறுக்கப்படுகின்றது. வலைக்கும் இயந்திரத்துக்கும் முன்னரே பணம் தந்த முகவரே விலையைச் சொல்பவர். அரைக் கிலோவுக்குக் குறைந்ததைப் பெரிய உணவகம் எடுப்பதில்லை. ஒரு கொடுக்கை இழந்த நண்டு ஏற்றுமதிக்கு ஆகாது. அது எடைக்குரிய விலையைப் பெறாமல் ஊர்க் கடைக்குப் போகும், அல்லது பிடித்தவரின் வீட்டுச் சட்டிக்குள் போகும்.